மருத மரத்தடியும் வட்ஸ்அப் வகுப்பும்

2021 ஜூன் மாதம், தரம் 2இல் படித்துக்கொண்டிருந்த என் மகள் தன் வகுப்பாசிரியைக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று இன்னமும் என் கைத்தொலைபேசியில் கிடக்கிறது. நாற்பது விநாடிதான். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை உரத்து வாசிக்கிறாள். காதோடு ஒட்டிவைத்துக் கேட்டால், அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அரை விநாடி முன்னால் இன்னொரு குரல் கிசுகிசுப்பது கேட்கும். அது என் மனைவியின் குரல். பிள்ளை புத்தகத்தை வாசிக்கவில்லை, தாயின் வாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் ஆசிரியையிடமிருந்து ஒரு பூப்படமும் 'மிக நன்று' என்ற பதிலும் வந்தன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

கொரோனாவால் மூடியிருந்த பாடசாலை ஒக்டோபர் கடைசியில் திறந்தது. அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து 'இது என்ன?' என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். மகள் கண்ணை மேலே செருகிக்கொண்டு, முதல் வரியிலிருந்து பாடத்தை ஒப்புவித்து, விரல் இருந்த இடம் என்று தான் நினைத்த இடத்தில் நின்றாளாம். நின்ற இடம் இரண்டு சொல் தள்ளிப் போய்விட்டது. 'பாடம் முழுவதும் பிள்ளைக்குப் பாடம், ஆனால் எழுத்துத்தான் தெரியவில்லை' என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் என்றும் சொன்னார்.

வீட்டிலிருந்து படிப்பதா, பாடசாலைக்குப் போய்ப் படிப்பதா என்ற வாதம் இன்றைக்கும் இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில், தேநீர்க்கடை வாங்கிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஓயாமல் நடக்கிறது. 'அந்த இரண்டு வருடம் பிள்ளைகளைப் பாழாக்கிவிட்டது' என்பார் ஒருவர். 'என் மகன் போனைப் பார்த்துத்தான் கணிதப் பிரிவில் சித்தியடைந்தான்' என்பார் அடுத்தவர். இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் பதினெட்டு வயதுக்காரனைப் பற்றி. இந்த ஒரு வித்தியாசத்தை விட்டுவிடுவதால்தான் வாதம் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். இலங்கையில் 2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடின. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் படிப்படியாகத் திறந்தன, ஒக்டோபரில் மறுபடி மூடின, பிறகு திறந்தன, 2021 ஏப்ரல் கடைசியில் திரும்பவும் மூடின. அந்த ஜூலை 12இலிருந்து, 1997 முதல் தீராமல் கிடக்கும் சம்பள முரண்பாட்டை முன்வைத்து, ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலையும் நிறுத்தின. ஒக்டோபர் 25இல்தான் அவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். சொந்தக் காசில் டேட்டா போட்டு, சொந்தத் தொலைபேசியில் இரவு பத்து மணிவரை கொப்பி திருத்தியவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. பிள்ளைகளுக்கு விழுந்த இடைவெளியும் பொய்யல்ல. 2021ஆம் ஆண்டின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியிலும், தரம் 11 பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை மே மாதத்திலும் நடந்தன. ஒருவழியாக முடிந்தது என்று மூச்சுவிடுவதற்குள் பொருளாதார நெருக்கடி: எரிபொருள் இல்லை, கடதாசி இல்லை, மின்சாரம் இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஜூலை 25 தொடக்கம் கொஞ்சக் காலம் வாரத்தில் மூன்று நாள்தான் பாடசாலை, மற்ற நாள்களில் வீட்டிலிருந்து படிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் தினமும் பஸ் ஏறி வன்னிக்கு வரும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. டீசல் இல்லாவிட்டால் தரம் 8க்குக் கணிதம் இல்லை.

காகிதத்தில் ஏற்பாடுகள் இருக்கத்தான் செய்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்கள் இருந்தன. நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர நிகழ்ச்சி போனது. ஆனால் நாடு முழுவதிலும் ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. ஆகவே வன்னியில் இணையவழிக் கல்வி என்றால் நடைமுறையில் வட்ஸ்அப் குழு என்றே பொருள். ஆசிரியர் செயலட்டையைப் படம்பிடித்துப் போடுவார். பிள்ளை எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்பும். ஆசிரியர் படத்தின் மேல் விரலால் ஒரு சரி போடுவார். சூம் வகுப்பு நடத்தியவர்களும் உண்டு. டேட்டா காட் போட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் தலைகாட்டினார்கள்.

அந்தத் தொலைபேசியும் பிள்ளைக்குச் சொந்தமானதல்ல. அப்பாவுடையது. அவர் வயலுக்கோ கடலுக்கோ மேசன் வேலைக்கோ போகும்போது அதுவும் கூடப் போகும். பொழுதுபட்டு வீட்டுக்கு வரும்போது பகல் முழுவதும் சேர்ந்த செயலட்டைகள் டிங் டிங் என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழும். மூன்று பிள்ளைகள் என்றால் வரிசை. சாதாரண தரம் எடுக்கும் மூத்த பிள்ளைக்கு முதல் உரிமை, புலமைப்பரிசில் எடுக்கும் பிள்ளை அடுத்தது. கடைக்குட்டியின் முறை வரும்போது மின்கலம் சிவப்புக் காட்டும், பிள்ளையும் தூங்கிவிட்டிருக்கும். எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்து முடிவெடுத்த ஒழுங்கு இல்லை இது. பரீட்சையைச் சுற்றியே கட்டப்பட்ட கல்வியில் அது தானாகவே அமைந்துவிட்டது. இதன் விலையைக் கொடுத்தவர்கள் தரம் 1, 2, 3 பிள்ளைகள். எழுத்துக் கூட்ட வேண்டிய வயதில் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

இன்னொன்று. வன்னியில் போரில் கணவரை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை ஏந்தியபடி வருடக்கணக்காக வீதியோரம் அமர்ந்திருக்கும் பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்கள் ஏராளம். தாய் கூலிக்குப் போனால் வீட்டில் பெரியவர் எவரும் இல்லை. வீட்டிலிருந்து கற்றல் என்ற சொற்றொடரை அமைத்தவர்கள் வீட்டில் பகலில் ஒரு பெரிய ஆள், அதுவும் படித்த ஆள், சும்மா இருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதை வன்னியின் வறுமையோடு மட்டும் முடிந்துபோடக்கூடாது. நெதர்லாந்தில் அகலக்கற்றை இணையம் இல்லாத வீடு அபூர்வம். அங்கே 2020இல் பாடசாலைகள் எட்டு வாரம்தான் மூடின. மூடுவதற்குச் சற்று முன்னும் திறந்த பின்னும் வழமைபோலப் பரீட்சை நடந்ததால், ஆய்வாளர்களால் இரண்டு புள்ளிகளையும் ஒப்பிட முடிந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இழந்தது ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு. மூடியிருந்த காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது வீட்டிலிருந்து படித்த எட்டு வாரத்தில் பிள்ளைகள் அநேகமாக எதுவுமே முன்னேறவில்லை. பெற்றோர் குறைவாகப் படித்திருந்த வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். நெதர்லாந்துக்கே இந்த நிலை என்றால் வன்னியின் ஒட்டுசுட்டானுக்கும் முழங்காவிலுக்கும் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

ஏன் இப்படி? நம் ஊர் வழக்கம் ஒன்று இதற்குப் பதில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது என்ன செய்கிறோம்? பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து, அரிசியில் 'அ' எழுதுகிறார். 'அ' எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு எழுந்து போவதில்லை. சுழி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைந்து எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளையின் கைக்குள் வைத்துவிடுகிறார். எழுதிய எழுத்தின் படம் வட்ஸ்அப்பில் வரும்போது ஆசிரியருக்குத் தெரிவது முடிந்துபோன எழுத்து. என் மகளின் 'ழ' படத்தில் அச்சுப்போல இருந்தது. நேரில் பார்த்தபோதுதான், கீழே உள்ள சுழியை முதலில் போட்டு, அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. வேகமாக எழுதும் வயதில் அந்தக் கை தடுக்கும். முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஆசிரியைக்கு அது ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்கு வேறும் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை எது, பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை எது, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்துவிட்டு இன்று பேசாத பிள்ளை எது. பாடசாலையில் ஆரம்பப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சோறும் கௌபியும் பலருக்கு அன்றைய முதல் சாப்பாடு. 2024இல் அத்திட்டத்தை நாட்டிலுள்ள ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரித்தார்கள். திரை வழியே கௌபி வராது.

இங்கே என் சொந்தக் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. 1996இல் கிளிநொச்சி நகரம் ஊரோடு இடம்பெயர்ந்தபோது நான் தரம் 6. ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் சனம் போனது, பாடசாலைகளும் கூடவே போயின. இடம்பெயர்ந்த பாடசாலைகள் உள்ளூர்ப் பாடசாலைகளின் கட்டடத்தில் பின்னேரம் நடந்தன. கட்டடம் காணாத வகுப்புகள் மரத்தடிக்குப் போயின. எங்கள் வகுப்புக்கு ஒரு மருத மரம். கரும்பலகையைக் கயிற்றால் மரத்தில் கட்டியிருந்தார்கள். அது வெளுத்துப்போனால் ஊமத்தை இலையையும் கரியையும் அரைத்துப் பூசுவது எங்கள் வேலை. சீமெந்துப் பையைக் கிழித்து விரித்து அதன்மேல் இருந்தோம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்போல. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் ஒரு திரிக்கு நான்கு பிள்ளைகள். கொப்பியில் ஓரம் விடாமல், அட்டையின் உட்பக்கம் வரை எழுதினோம்.

அந்தப் படிப்புச் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. 'அந்தக் காலத்தில் நாங்கள்' என்று தொடங்கும் பேச்சு எனக்கே எரிச்சல் தரும். மழை தூறினால் வகுப்பு முடிந்தது. விமானச் சத்தம் கேட்டாலும் முடிந்தது. ஆனாலும் அங்கே எழுத்தறியாமல் ஒருவரும் தரம் ஏறவில்லை, ஏனென்றால் ஆசிரியர் இருந்தார், பக்கத்தில் இருந்தவன் என் கொப்பியை எட்டிப் பார்த்தான், நான் அவனுடையதைப் பார்த்தேன். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டில்களுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்து, அங்கிருந்தே பரீட்சையும் எழுதவைத்தார்கள். முள்வேலிக்குள் இருந்த ஆசிரியர்களே அந்த வகுப்புகளையும் எடுத்தார்கள். வன்னிக்குக் கட்டடம் இல்லாத படிப்புப் பழக்கமானது. கூரையும் சுவரும் மேசையும் போனபோதெல்லாம் பிள்ளைகளும் ஆசிரியரும் ஓரிடத்தில் கூடுவது மட்டும் போகவில்லை. 2020இல் முதன்முறையாக எல்லாம் தலைகீழாக நடந்தது. போருக்குப் பின் கட்டிய புதுக் கட்டடம் பூசிய சுண்ணாம்பு கலையாமல் நின்றது, உள்ளே ஒருவரும் இல்லை.

அதனால்தான், தொலைவிலிருந்து கற்பித்தல் வென்ற இடங்களைப் பார்த்தாலும் அங்கே ஓர் ஆள் நிற்பது எனக்குக் கண்ணில் படுகிறது. அவுஸ்திரேலியாவில் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 1951 முதல் வானொலி வழியே பாடசாலை நடத்துகிறார்கள். அயல்வீடு என்பதே பல மைல் தொலைவில் இருக்கும் பண்ணைப் பிள்ளைகளுக்காக உண்டானது, இப்போது செய்மதி இணையத்தில் நடக்கிறது. அதில் வீட்டில் துணை ஆசிரியராக ஒருவர், பெரும்பாலும் தாய், நாள்தோறும் பிள்ளையோடு இருக்க வேண்டும். பிள்ளைகளை வருடத்தில் சில தடவை நகரத்துக்கு அழைத்து ஒன்றாகவும் வைத்திருக்கிறார்கள். பொட்சுவானாவில் 2020இல் செய்த பரிசோதனை இன்னும் நமக்குக் கிட்டியது. சில வீடுகளுக்குக் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு அத்தோடு வாரத்தில் ஒருமுறை ஆசிரியர் இருபது நிமிடமளவு தொலைபேசியில் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பலன் சொல்லும்படி இல்லை. பேசிய வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். சாதாரணப் பொத்தான் தொலைபேசியே போதுமாக இருந்தது. இங்கும் அதைத் தாமாகக் கண்டுபிடித்த ஆசிரியர்கள் உண்டு. சைக்கிளில் செயலட்டைக் கட்டோடு வந்து சந்திக் கடையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து திருத்தியதைக் கொடுத்து, பிள்ளையைப் படலைக்கு அழைத்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போன ஒருவரை எனக்குத் தெரியும். எந்த அறிக்கையிலும் அவர் பெயர் வராது.

மூத்த பிள்ளைகளின் கதை வேறு. கண்ணைத் திறந்து பார்த்தால் அது நல்ல கதைதான். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி தரப் பாடசாலைகள் வன்னியின் கிராமப்புறங்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் வெற்றிடம் என்றால் பிள்ளைக்கு இருந்த வழி இரண்டு. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்குவது, அல்லது கலைப்பிரிவு. காணியை ஈடுவைத்து முதல் வழியில் போனவர்கள் சிலர், இரண்டாவதில் ஒதுங்கியவர்கள் பலர். பெண்பிள்ளை என்றால் முதல் வழி பற்றிப் பேச்சே எழாத வீடுகளும் இருந்தன. இப்போது துணுக்காயில் இருக்கும் பிள்ளை, யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற ரியூசன் ஆசிரியரின் வகுப்பைத் தன் வீட்டு விறாந்தையில் இருந்து பார்க்கிறது. விளங்காத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் வீதியில் பொழுதுபட்டபின் ரியூசனிலிருந்து சைக்கிளில் தனியே வரவேண்டிய பயம் இல்லை. வகுப்பில் கைதூக்கக் கூச்சப்பட்டவன் செய்தியாக எழுதிக் கேட்கிறான். ஷெல்பட்டு நடக்க முடியாமற்போன, காது மந்தமான பிள்ளைகளுக்கும் திரை ஒரு கதவைத் திறந்தது. இதையெல்லாம் 'போன் பிள்ளைகளைக் கெடுக்கும்' என்ற ஒற்றை வாக்கியத்தில் மூடிவிடுவது அநியாயம். பதினெட்டு வயதில் தானாகப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தேவை பாடம். எட்டு வயதுக்காரிக்குத் தேவை, படிப்பது எப்படி என்று காட்டும் ஆள்.

தொழில்நுட்பத்தின் மேல் அளவுக்கு மிஞ்சிப் பாரம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வன்னியில் பாடசாலையை மூடவைக்கும் மாரி மழைதான் மின்கம்பத்தையும் சாய்க்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது பாடசாலைகளில் சனம் தங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது, மிகுதி 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடையில் மின்சாரமும் சிக்னலும் போய், பக்கத்து ஊர் உறவினர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் இருந்த நாள்கள் அவை. 'வெள்ளமென்றால் ஒன்லைனில் படிக்கலாமே' என்று சொல்பவர் வெள்ளத்தை ஒன்லைனில் மட்டும் பார்த்தவராக இருக்க வேண்டும்.

2021இல் திறக்கும் ஒழுங்கு வந்தபோது, மாணவர் தொகை 200க்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளை முதலில், ஒக்டோபர் 21இல், திறந்தார்கள். வன்னியில் அப்படிப்பட்டவை நிறைய. பிள்ளை குறைவு, ஆகவே இழுத்து மூடலாம், பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்கலாம் என்று அடிக்கடி பேசப்படும் அதே சின்னப் பாடசாலைகள்தான். பேரிடர் வந்தபோது பாதுகாப்பாகக் கூடுவதற்கு அவைதான் முதலில் தகுந்தன. என் மகளுடையதும் அதிலொன்று.

இப்போது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை தோறும் ஆங்கில வகுப்பு நடக்கிறது. படிப்பிப்பவர் லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரி, ஓய்வுபெற்றவர். அங்கிருந்து அனுப்பிய ஒரு புரஜெக்டரைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்து, இருபது பிள்ளைகள் பாயில் இருந்து பார்க்கிறார்கள். முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டெப் வாங்கித் தருவதாகத்தான் பேச்சு இருந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு பிள்ளைதான் 'வேண்டாம் அக்கா, எல்லோரையும் இங்கே கூப்பிடுவோம், நான் பக்கத்தில் நிற்கிறேன்' என்றாள்.

போன மாதம் மகளை விட்டுவிட்டு நானும் வாசலில் நின்றேன். வகுப்புத் தொடங்கி அரைமணி நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. சுவரில் இருந்த லண்டன் அக்கா மறைந்தார். முன்பள்ளி ஆசிரியை ஒரு கணமும் யோசிக்கவில்லை. மூலையில் கிடந்த சோக்குக் கட்டியை எடுத்து, சிமெந்து நிலத்திலேயே அடுத்த வாக்கியத்தை எழுதினாள். பிள்ளைகள் பாயைத் தள்ளிவிட்டு அதைச் சுற்றிக் குந்தினார்கள். விடை இதுவா அதுவா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் கூரையைத் தொட்டது. மின்சாரம் திரும்பி வந்து, லண்டன் அக்கா மறுபடி சுவரில் தோன்றி, 'பிள்ளைகள், நான் பேசுவது கேட்கிறதா? கேட்கிறதா?' என்று இரண்டு நிமிடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை வாசலில் நின்ற நான் மட்டும்தான் கவனித்தேன்.